கடிகாரத்தைக் காக்கும் சிறு மின்கலம்



கோடை விடுமுறையில் திருப்பதி விடுதியிலிருந்து சித்தூரிலுள்ள எங்கள் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அன்று மாலை 5 மணிக்குள் என் தங்கை கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். வீட்டுக் கணிப்பொறியை இயக்கினால், எந்த இணையத்தளமும் திறக்கவில்லை. "பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கையே வந்தது. திரையின் மூலையில் இருந்த தேதி 1-1-2009! பழுது பார்ப்பவர் ஒருவரைக் கேட்டோம். "மதர்போர்டே போய்விட்டது; ஆறாயிரம் ஆகும்" என்றார். உண்மையில் போனது நாற்பது ரூபாய் மின்கலம் ஒன்றே.

இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணிப்பொறி தான் 2009இல் இருப்பதாக எண்ணினால், இன்றைய சான்றிதழை எங்ஙனம் ஏற்கும்? தேதியைக் கையால் திருத்தினேன்; தளம் திறந்தது; விண்ணப்பமும் உரிய நேரத்தில் சென்றது. மறுநாள் மின்கலத்தை மாற்றினேன்.

இம்மின்கலத்தின் பணி யாது? கணிப்பொறி உறங்கும்போதும் அதன் கடிகாரம் ஓடவேண்டும். தாய்ப்பலகையில் உள்ள குவார்ட்சுப் படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணை 15 முறை பாதியாக்கிப் பாருங்கள், 1 கிடைக்கும். அதுவே ஒரு நொடி! 1984இல் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறியிலேயே மின்கலத்தால் ஓடும் இத்தகைய கடிகாரம் இருந்தது.

இன்று பெரும்பாலும் பயன்படுவது சி.ஆர். 2032 என்னும் பட்டன் செல். 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம். அழுத்தம் 3 வோல்ட்; கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. கடிகாரம் 5 மைக்ரோஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், 44,000 மணி, அதாவது ஏறக்குறைய 5 ஆண்டுகள் உழைக்கும். சுவர் மின்சாரம் இணைந்திருக்கும்வரை கடிகாரத்தின் சுமையை அதுவே தாங்கும். நான் விடுதியில் இருந்த மாதங்களில் வீட்டில் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தனர். மின்கலம் விரைவில் ஓய்ந்ததன் காரணம் அதுவே.

நம் வட்டாரம் மின்கலத்துக்குப் பெயர் பெற்றது. 1985இல் தோன்றிய அமர ராஜா நிறுவனத்தின் ஈய-அமில மின்கலங்களை அறிவீர்கள். 2022 செப்டம்பரில் திருப்பதியில் லித்தியம் செல் ஆலை ஒன்றும் சோதனை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயின் அவை மீண்டும் மின்னேற்றத் தக்கவை, சி.ஆர். 2032 அத்தகையதன்று. அதற்கு மின்னேற்ற முயல்வது ஆபத்து.

மாற்றும் முறை இதோ:

1. கணிப்பொறியை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள். இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தைப் போக்குங்கள்.

2. பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை நீக்குங்கள்.

3. மின்கலம் இருக்கும் நிலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள கொக்கியை நகத்தால் மெல்லத் தள்ளினால் மின்கலம் மேலெழும். இரும்புக் கருவியால் நெம்பவேண்டா.

4. புதியதை விளிம்பில் பிடித்து, கூட்டல் குறி பழைய திசையிலேயே இருக்குமாறு பொருத்துங்கள்.

5. மூடி இயக்கி, அமைப்புப் பக்கத்தில் தேதி, நேரம், எந்த வட்டிலிருந்து தொடங்குவது ஆகியவற்றைச் சரிசெய்து சேமியுங்கள்.

வட்டைப் பூட்டி வைத்திருப்போர் மீட்புத் திறவுகோலை முன்னரே எழுதி வைத்தல் நன்று. மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் மின்கலம் கம்பியுடன் இணைந்திருக்கும். அதற்கேற்ற செல்லையே வாங்கவேண்டும்.

இறுதியாக ஒன்று. பழைய செல்லை மேசைமேல் விட்டுவிடாதீர்கள். கடிகாரத்துக்குப் பயன்படாத செல்லிலும் மின்சாரம் எஞ்சியிருக்கும். குழந்தை விழுங்கினால், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகலாம். உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி, மின்கழிவு பெறும் இடத்தில் சேருங்கள்.

ஆறாயிரம் ரூபாய் கொடுக்குமுன், திரையின் மூலையிலுள்ள தேதியை ஒருமுறை பாருங்கள்!