தண்ணீர் ஓடியும் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: மகன் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் கம்ப்யூட்டர். ரைசன் 7 7700எக்ஸ் ப்ராசஸர். வாங்கும்போதே லிக்விட் கூலரும் போட்டோம், இரண்டு வருடம் ஆகிறது. மார்கழியில் ரெண்டர் போட்டால் 80 டிகிரியில் நின்றது. இப்போது கால் மணி நேரத்தில் 95-ஐத் தொட்டுவிடுகிறது, வேலையும் மெதுவாகிறது. "உள்ளே தண்ணீர் வற்றியிருக்கும், கூலரையே மாற்றிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். மண்பானைத் தண்ணீரே ஜில்லென்று இருக்கிறதே, தண்ணீர் ஓடும் கருவியை வைத்தும் ஏன் இப்படிக் கொதிக்கிறது?
– வாசகர், கே.கே. நகர், திருச்சி

பதில்: பானையைக் கூப்பிட்டது நல்லதாயிற்று. உங்கள் குழப்பம் முழுவதும் அந்தப் பானைக்குள்தான் இருக்கிறது. மண்பானையின் சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அறையைவிடப் பானைத் தண்ணீர் குளிர்ச்சி. உங்கள் கூலரிலோ எல்லாப் பக்கமும் அடைத்த குழாய். ஆவியாக வழியே இல்லை. அதிலுள்ள திரவத்துக்குச் சூட்டைச் சுமக்கத்தான் தெரியும். ப்ராசஸரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் செம்புத் தகட்டில் சூட்டை வாங்கிக்கொள்ளும். சின்ன பம்ப் ஒன்று தள்ளிவிட, ரேடியேட்டரில், அதாவது மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கிய சட்டத்தில், கொண்டுபோய் இறக்கும். அங்கிருந்து ஃபேன்கள் அதை அறைக் காற்றில் ஊதித் தள்ளும். ஆகவே அறைக் காற்றைவிடக் குளிர்ந்த நிலைக்கு இந்தக் கருவியால் ஒருநாளும் இறங்க முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மார்கழியில் உங்கள் அறை 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, 38 என்பது திருச்சிக்காரர்களுக்கு ஆச்சரியமே இல்லை. வித்தியாசம் 12. பழைய 80-உடன் கூட்டினால் 92. கடைக்காரர் தண்ணீர்மேல் போட்ட பழியில் பெரும்பங்கு சூரியனுடையது.

மிச்சம் 3 டிகிரிதானே என்று விட்டுவிடாதீர்கள். 95 என்பது இந்த ப்ராசஸருக்குத் தயாரிப்பாளர் வைத்த உச்சவரம்பு. அதைத் தொட்டதும் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்குத் த்ராட்லிங் என்று பெயர். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது போடும் பிரேக். இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றில் இந்த வரம்பு 100. எனவே 95-ஐப் பார்த்ததுமே கருகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் வரம்பு இல்லாதிருந்தால் இன்னும் மேலே போயிருக்கும் என்பதற்கு வேலை மெதுவாவதே சாட்சி. வெயிலைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது.

அது எங்கே என்பதை உங்கள் கேள்வியிலேயே ஓரிடத்தில் சொல்லிவிட்டீர்கள்: "கால் மணி நேரத்தில்". ரெண்டர் பட்டனை அழுத்திய ஓரிரு வினாடியிலேயே 95-க்குத் தாவினால், சூடு திரவத்துக்குள் ஏறவே இல்லை என்று பொருள். அப்போது தெர்மல் பேஸ்ட்டை, அதாவது ப்ராசஸருக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையே பூசும் பசையை, சந்தேகிக்க வேண்டும். அல்லது திருகுகள் தளர்ந்திருக்கலாம், பம்ப் நின்றிருக்கலாம். புதிதாகப் பொருத்தியவர்கள் தகட்டின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிடுவதும் உண்டு. நம்புங்கள், அடிக்கடி நடக்கிறது.

மெல்ல ஏறினால் கதை வேறு. இந்த ப்ராசஸர் முழு வேகத்தில் 142 வாட் வரை இழுக்கும். கூலருக்குள் கால் லிட்டர் தண்ணீர் இருப்பதாகக் கொண்டால், ரேடியேட்டர் எதையுமே வெளியேற்றாத நிலையில் ஏழெட்டு வினாடிக்கு ஒரு டிகிரி வீதம் திரவம் சூடாகும். கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருந்தால், உச்சத்துக்கு வர இன்னும் நேரம் பிடிக்கும். கால் மணி நேரம் ஆகிறது என்றால் பம்ப் ஓடுகிறது, பசை பிடித்திருக்கிறது. சுமை ரேடியேட்டர் வரை வந்து அங்கேதான் இறங்காமல் தேங்குகிறது.

உறுதிசெய்ய விரல் போதும். சூடு ஏறியிருக்கும்போது இரண்டு குழாய்களையும் ரேடியேட்டரையும் தொட்டுப் பாருங்கள். எல்லாமே நன்றாகச் சூடாக இருந்தால் நான் சொன்னது சரி. ப்ராசஸர் 95-இல் இருக்க ரேடியேட்டர் மட்டும் ஜில்லென்று இருந்தால் பம்ப் போய்விட்டது. பயாஸ் திரையிலும், அதாவது கம்ப்யூட்டர் விழிக்கும்போதே திறக்கும் அமைப்புப் பக்கத்திலும், பம்ப் சுழலும் வேகம் தெரியும்.

தண்ணீர் வற்றுவது பற்றி: கடைக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. ரப்பர் குழாய் வழியே திரவம் ஆண்டுக்கணக்கில் மிக மெதுவாகக் குறையத்தான் செய்யும். குறைந்த இடத்தில் காற்று சேர்ந்து, கம்ப்யூட்டரைப் போடும்போது கொடகொடவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் இல்லாமல் இரண்டே வருடத்தில் வற்றிவிட்டது என்றால் எனக்கு நம்பிக்கை வராது.

முதலில் தூசியைப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகவே தெரியும். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில்தான் கம்பளி மாதிரி படிந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, ஃபேன்களைக் கழற்றி, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ப்ளோயர் வைத்து ஊதினால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழல விடக் கூடாது.

அடுத்து, கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்துவைத்து ஒரு ரெண்டர் போட்டுப் பாருங்கள். ஐந்தாறு டிகிரி இறங்கினால், உள்ளே காற்றோட்டம் போதவில்லை. ரேடியேட்டர் மேல்பக்கம் இருந்து காற்றை வெளியே தள்ளும்படி பொருத்தியிருந்தால், கிராஃபிக்ஸ் கார்டு கக்கும் சூடான காற்றைத்தான் அது குடிக்கிறது. முன்பக்கம் மாற்றி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி வைத்தால் ப்ராசஸருக்கு நல்லது. கிராஃபிக்ஸ் கார்டு ஓரிரு டிகிரி முணுமுணுக்கும். எப்படி வைத்தாலும் பம்ப் அந்தச் சுற்றின் உச்சியில் இருக்கக் கூடாது. காற்றுக்குமிழ் அங்கே போய்ச் சேரும்.

ஐஸ் வைக்கலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தகடு அறைக் காற்றைவிட மிகவும் குளிர்ந்தால் அதன்மேல் நீர் வேர்க்கும், அந்த நீர் மதர்போர்டில் சொட்டும்.

உங்கள் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. தஞ்சாவூர் சாலையில் உள்ள என்.ஐ.டி.யில் 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரைத் தொடங்கிவைத்தது 2022 மே 25 அன்று, கொளுத்தும் கோடையில். 838 டெராஃப்ளாப்ஸ் திறன், அதாவது வினாடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். அதற்கும் சில்லின் மேலேயே தகட்டைப் பதித்துத் திரவம் ஓட்டும் முறைதான். வேறுபாடு கடைசிக் கட்டத்தில். அத்தகைய பெரிய நிலையங்களில் திரவம் சுமந்துவரும் சூட்டைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் விடுவார்கள். உங்கள் மகனின் ரேடியேட்டரோ அவர் உட்கார்ந்திருக்கும் அதே அறையில் விடுகிறது. ஜன்னலை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் ரெண்டர் போட்டால் அறையே ஏறும், அதே காற்று திரும்ப ரேடியேட்டருக்குள் போகும்.

ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள். பெரிய ரெண்டர்களை விடியற்காலை நான்கு மணிக்குப் போடச் சொல்லுங்கள். மாலையில் போட்டால் பலன் குறைவு. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அவசரம் இல்லாத நாட்களில் பயாஸில் 'ஈகோ மோடு' வைக்கலாம். ப்ராசஸர் இழுக்கும் மின்சாரத்துக்குக் கட்டுப்பாடு போடும் வசதி இது. 65 வாட் ஈகோ மோடில் 142 வாட் என்பது 88-ஆகிவிடும். வேகம் குறைவது அந்த அளவுக்கு இராது, சூடு நன்றாகவே குறையும்.

இத்தனைக்குப் பிறகும் இறங்கவில்லை, அல்லது விரல் சோதனையில் ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தது என்றால், கூலரை நீங்களாகப் பிரிக்காதீர்கள். பழைய பில்லைத் தேடுங்கள். இந்த வகைக் கூலர்கள் பலவற்றுக்கு வாரன்ட்டி மூன்று வருடமோ அதற்கு மேலோ இருக்கும். உங்களுடையதற்கு இரண்டுதான் ஆகியிருக்கிறது.