முதியோர் இல்லத்தை மதிப்பிடுவது எப்படி?

இடம்பெயர்ந்த குடும்பங்களில் மிகவும் தளர்ந்துபோவோர் முதியோரே. பிள்ளைகள் கூலி வேலைக்குச் சென்றபின் அவர்களைக் கவனிக்க ஆளில்லை. மாத்தளை மாவட்டத்தில் ஓர் இல்லத்தைத் தேடும் நாம், கட்டடத்தின் அழகைப் பார்த்து முடிவெடுக்கலாகாது. பராமரிப்பையே பார்க்க வேண்டும்.

1. உடல்: படுக்கையிலிருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகின் அடியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். எப்படிக் கவனிக்கிறார்கள் என்று கேட்போம்.

2. உணவு: முன்னறிவித்தலின்றிச் சாப்பாட்டு நேரத்தில் செல்வோம். தானாக உண்ண இயலாதவருக்கு ஊட்டுகிறார்களா? தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா?

3. மருந்து: யாருக்கு, எது, எப்போது கொடுத்தார்கள் என்று எழுதிவைக்கிறார்களா?

4. இரவு: கூப்பிட்டால் எழுந்துவர எத்தனை பேர் இருக்கிறார்கள்?

5. மதிப்பு: தமிழ் மட்டும் தெரிந்த பாட்டியுடன் பேச ஆளுண்டா? குளிப்பாட்டும்போது மறைப்பு உண்டா? வயலில் உழைத்தவர் கைவைக்க ஒரு கீரைப்பாத்தியாவது உண்டா?

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், முதியோருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்களின் பதிவு பற்றிக் கூறுகிறது. பதிவுச் சான்றிதழைக் கேட்கத் தயங்க வேண்டாம். குறை கண்டால் முதலில் பொறுப்பாளரிடமும், தீராவிடில் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுப்போம்.

பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது என்பதும் அதே சட்டமே. ஆகவே இல்லத்தில் சேர்த்ததோடு நம் கடமை முடிவதில்லை. பார்க்க ஆள் வரும் கட்டிலை எவரும் எளிதில் மறப்பதில்லை.

கலந்துரையாடுவோம்: நம் குடியிருப்பிலிருந்து இல்லம் சென்ற முதியோரை மாதந்தோறும் யார் யார் முறைவைத்துப் பார்த்துவரலாம்?