ஒலியைக் கெடுக்காமல் கொண்டு சேர்ப்பது

வானொலிச் சிக்னலை எழுத்தாக மாற்றும் டிகோடரைத் திறந்து வைத்தும் ஓர் எழுத்துகூட வரவில்லை என்று வருகிற தம்பி, தங்கைகளுக்கு: ஆண்டெனாவைக் கழற்றாதீர்கள். முதலில், எஸ்டிஆர் (மென்பொருள் வானொலி) மென்பொருளிலிருந்து டிகோடருக்கு ஒலி போகும் வழியைப் பாருங்கள்.

1. ஸ்பீக்கர் சத்தத்தை மைக்கில் பிடிக்க வேண்டாம். மின்விசிறியும் தெருவும் சேர்ந்தே நுழையும். விர்ச்சுவல் கேபிள் போடுங்கள்: விண்டோஸில் விபி-கேபிள், மேக்கில் பிளாக்ஹோல். லினக்ஸில் பல்ஸ் ஆடியோவின் 'மானிட்டர்' மூலமே போதும்.

2. விபி-கேபிளின் பெயர்களில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். குழாயின் ஒரு முனையில் ஊற்றி மறுமுனையில் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிஆர் ஒலியை வெளியே விடும் இடத்தில் 'கேபிள் இன்புட்', டிகோடர் உள்வாங்கும் இடத்தில் 'கேபிள் அவுட்புட்'. இணைத்ததும் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். பயப்படாதீர்கள், ஒலி குழாய்க்குள் போகிறது. காதாலும் கேட்க வேண்டுமென்றால், விண்டோஸின் ரெக்கார்டிங் பகுதியில் அந்தக் கேபிளின் அமைப்பில் 'லிசன்' வசதியை இயக்குங்கள்.

3. கேபிளைக் கணினியின் பொதுவான ஒலிச் சாதனமாக வைக்காதீர்கள். மின்னஞ்சல் மணியும் யூடியூப் பாட்டும் டிகோடருக்குள் போய்விடும். விண்டோஸ் பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதி மூடியிருந்தால், இந்தக் கேபிளும் மௌனமாகவே இருக்கும்.

4. இரண்டு முனையிலும் சாம்பிள் ரேட் 48000 ஹெர்ட்ஸ் என்றே இருக்கட்டும்.

5. சத்தத்தைக் கூட்டினால் நன்றாகப் படிக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற டிகோடரில், வெறும் இரைச்சல் மட்டும் வரும்போது அளவுமானி 30 டெசிபல் பக்கம் நிற்கட்டும். அதிகம் ஏற்றினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, வாட்டர்ஃபால் படத்தில் சிக்னல் இல்லாத இடத்திலெல்லாம் பொய்க்கோடுகள் தெரியும். ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் தந்த எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை, காதுக்கே எட்டாத மெல்லிய ஒலியையும் படித்துவிடும். காதுக்கு இதமாக்கும் இரைச்சல் நீக்கி, ஈக்வலைசர், 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை அந்த மெல்லிய ஒலியைத்தான் முதலில் தின்னும்.

6. 14.074 மெகாஹெர்ட்ஸ், யுஎஸ்பி (அப்பர் சைட்பேண்ட்) முறை, வாட்டர்ஃபாலில் கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன, ஆனால் எழுத்து வரவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். எஃப்டி8 15 விநாடிக் கட்டங்களில் ஓடுகிறது. ஓரிரு விநாடிக்கு மேல் பிசகினால் படிக்காது. இணைய எஸ்டிஆரில் கேட்டால், ஒலி தாமதித்து வருவதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். திரையில் 'டிடி' என்ற நெடுவரிசை அந்தப் பிசகைக் காட்டும்.

7. பன்னாட்டு விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்பும் நாட்களை விடாதீர்கள். பிடி120 முறையில் ஒரு படம் வர ஏறக்குறைய 2 நிமிடம். நிலையம் நம் வானத்தைக் கடப்பதே சுமார் 10 நிமிடம்தான். டிகோடரை மட்டும் நம்பாமல், ஒலியை வேவ் கோப்பாகவும் பதிவு செய்யுங்கள், எம்பி3 வேண்டாம். கேபிளைத் தவறாக இணைத்திருந்தாலும், அந்தக் கோப்பை மறுபடி ஓட்டிப் படத்தை எடுத்துவிடலாம். படம் சாய்ந்து வந்தால் சாம்பிள் ரேட் சற்றுப் பிசகியிருக்கிறது. டிகோடரின் 'ஸ்லான்ட்' திருத்தம் அதை நிமிர்த்திவிடும்.