மைக் செட் சத்தத்தை அளக்க ஒரு மீட்டர்

கல்யாண மண்டபத்தில் மைக் செட்டுக்காரரிடம் "கொஞ்சம் குறைங்க" என்றால், "இதுக்கு மேல குறைச்சா பின்னாடி கேக்காதுங்க" என்பார். டெசிபல் மீட்டரை எடுத்து நீட்டினால் பேச்சின் தோரணையே மாறும். ஆனால் அளக்கத் தெரிந்து அளக்க வேண்டும்.

1. வாங்கும்போது 'ஐஇசி 61672, வகுப்பு 2' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வகுப்பு 1 இன்னும் துல்லியமானது, விலையும் அதிகம். பாட்டு வகுப்புக்கும் சபாவுக்கும் வகுப்பு 2 தாராளம். ஏ, சி இரண்டு அளவையும், ஃபாஸ்ட், ஸ்லோ இரண்டு வேகமும், உச்ச அளவைப் பிடித்து வைக்கும் பொத்தானும் கட்டாயம். சராசரி காட்டும் 'எல்ஈக்யூ' வசதி இருந்தால் கூடுதல் காசு கொடுத்தும் வாங்கலாம்.

2. பலர் கோட்டை விடுவது ஏ, சி விஷயத்தில்தான். 'ஏ' நம் காதைப் போலவே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து மதிப்பிடும். 63 ஹெர்ட்ஸில் சுமார் 26 டெசிபலைக் கழித்துவிடும். ஜன்னல் கண்ணாடி அதிர பேஸ் ஒலிக்கும்போதும் 'ஏ'யில் எண் சாதுவாகவே நிற்கும். காதுக்குக் கெடுதலா என்று பார்க்க 'ஏ'. பேஸ் அளவுக்கு மீறியிருக்கிறதா என்று பார்க்க 'சி'. இரண்டிலும் அளந்து பாருங்கள். 'சி'யில் எண் வெகுவாக எகிறினால், குறைக்க வேண்டியது மொத்தச் சத்தத்தை அல்ல, சப்வூஃபரை. எண்ணைக் குறிக்கும்போது ஏ, சி எழுத்தையும் சேர்த்தே குறியுங்கள்.

3. பாட்டின் பொதுவான சத்தத்துக்கு ஸ்லோ. தவில் அடி போன்ற சட்டென்ற ஒலிகளுக்கு ஃபாஸ்ட்.

4. மீட்டரை மார்போடு அணைத்துப் பிடிக்காதீர்கள், உடம்பில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்துவிடும். கையை நன்றாக நீட்டிப் பிடியுங்கள். ஸ்டாண்டில் மாட்டினால் இன்னும் நல்லது. மைக் முனை, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும். மிக்ஸர் மேசை அருகில் மட்டும் அளந்து திருப்தி அடைய வேண்டாம். ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால்தானே குழந்தைகள் ஆடுகிறார்கள்? அங்கேயும், கடைசி வரிசையிலும் அளக்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். பளிங்கும் கண்ணாடியுமான மண்டபத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

5. எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பணியிடங்களுக்குச் சொல்லும் வரம்பு, 'ஏ' அளவில் 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 94க்கு 1 மணி, 100க்குக் கால் மணி. மூன்று மணி நேர இன்னிசைக் கச்சேரி 97இல் ஓடினால் அரை மணியிலேயே அன்றைய பங்கு தீர்ந்துபோகும். பொழுதுபோக்கு அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த உச்சம், 15 நிமிடச் சராசரியில் 100. மேடையில் தினமும் இருக்கும் கலைஞர்களுக்கு அதுவும் அதிகம்தான்.

6. செல்போன் செயலி தோராயத்துக்கு மட்டுமே. போனின் மைக் பேச்சுக்கானது; பெரிய சத்தத்தில் திணறி, குறைவாகக் காட்டலாம். வாங்கிய மீட்டரோடு அருகருகே வைத்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால் அவசரத்துக்கு உதவும்.

7. வீட்டு ஹோம் தியேட்டரைச் சரிசெய்ய: 'சி', ஸ்லோ. ரிசீவரின் சோதனை ஒலியை ஓட்டி, நீங்கள் உட்காரும் இடத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75 காட்டும்படி வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு அளக்கவும்.

8. கோவில் விழா, தெருக் கச்சேரி என்றால் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55, இரவு 45. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில், அந்த வரம்புக்கு மேல் 10 டெசிபல் அல்லது 75, இவற்றில் எது குறைவோ அதுவே உச்சம். அதாவது, குடியிருப்பில் பகலில் 65. எனவே மேடைக்கு எதிரில் நிற்காமல் எல்லையில் போய் அளக்க வேண்டும். காற்று வீசினால் மீட்டரின் மைக் முனையில் மாட்டும் பஞ்சுத் தொப்பியைக் கழற்றாதீர்கள்.

9. பேட்டரி இறங்கினால் எண் பொய் சொல்லும். புதிதாகப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்து முனைகளை அரித்துவிடும். அடிக்கடி அளப்பவர்கள், 94 டெசிபல் ஒலி தரும் கேலிபரேட்டரில் சரிபார்த்த பிறகே அளப்பது நல்லது.