இறுப்பிட்டியிலிருந்து ஒரு ஸ்கான்

வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசியில் கேள்வி எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கும். “அம்மாவின்ர காப்புறுதியை எடுக்கிற ஸ்கான் டொக்டர் யாழ்ப்பாணத்தில ஆர்?” கேட்பவர் கனடாவிலோ சுவிஸிலோ இருபது வருடம் காப்புறுதி அட்டையோடு பழகியவர். புங்குடுதீவு இறுப்பிட்டியில் இருக்கும் அம்மாவிடம் அப்படியொரு அட்டை கிடையாது. தேசிய அடையாள அட்டையும் ஓரம் மடிந்த கிளினிக் கொப்பியும்தான் இருக்கின்றன. அவையே போதும்.

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் இலவசம். எழுபதுகளில் சில வருடங்கள் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கினார்கள். 1977இல் அதுவும் போய்விட்டது. எக்ஸ்ரே, ஸ்கான் எல்லாம் இதற்குள் அடங்கும். அதனால் நீங்கள் கதிரியல் நிபுணரைத் தேடி அலைய வேண்டியதில்லை. உங்களை அவரிடம் அனுப்பக்கூடிய ஒரு கடிதத்தைத்தான் தேட வேண்டும்.

முதலில் புங்குடுதீவு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேரே யாழ்ப்பாணம் போய் “ஒரு ஸ்கான் எடுக்கவேணும்” என்று நின்றால் பாதி நாள் வரிசையில் போகும். வருத்தம் எப்போது தொடங்கியது, எங்கே நோகிறது, முன்பு என்ன பரிசோதனை செய்தது, என்ன குளிசை குடிக்கிறது என்பதையெல்லாம் டொக்டரிடம் சொல்லி, கடிதத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். “வயிற்று ஸ்கான்” என்று இரண்டு சொல் மட்டும் இருக்கும் துண்டைப் பார்த்து எந்த நிபுணரும் எதைத் தேடுவது? எந்தக் கிளினிக், எந்தக் கிழமையில் என்பதையும் அங்கேயே கேளுங்கள். சாதாரண எக்ஸ்ரே என்றால் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையில் எடுக்க முடியுமா என்றும் விசாரியுங்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் பண்ணைப் பாலம் கடக்காமல் காரியம் முடிந்தால் லாபம்தானே.

மற்றப்படி யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைதான். காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். சிரி (CT) ஸ்கான், எம்.ஆர்.ஐ. போன்றவற்றைப் பெரும்பாலும் கிளினிக்கில் இருக்கும் நிபுணரே எழுத வேண்டும். அவர் படிவத்தைத் தந்ததும் பலர் செய்யும் பிழை, பசிக்கிறது, பஸ் போய்விடும் என்று படிவத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவது. அன்றைக்கே கதிரியல் பிரிவுக்குப் போய்த் திகதி வாங்குங்கள். தீவிலிருந்து வருகிறோம் என்று அங்கே சொல்வதில் வெட்கம் வேண்டாம். கிளினிக்கும் ஸ்கானும் ஒரே நாளில் அமைந்தால் ஒரு பயணம் மிச்சம். நெடுந்தீவுக்காரர் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நமக்குத் தாம்போதி இருக்கிறது. அவர்கள் கடலின் குணத்தைப் பார்த்து வருபவர்கள், முதல் நாளே வந்து உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. திகதி மிகத் தூரத்தில் விழுந்தால் கிளினிக் டொக்டரிடம் திரும்பிப் போய், அவசரம் என்று எழுத இடமிருக்கிறதா என்று கேளுங்கள். அதைத் தீர்மானிப்பவர் அவர்தான். திகதி கொடுப்பவரோடு வாதாடிப் பயனில்லை.

ஆயத்தம் பிழைத்தால் அந்தத் திகதியும் வீண். மேல்வயிற்று ஸ்கானுக்குச் சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். பஸ்ஸில் கச்சான் கொறிப்பதும் சாப்பாடுதான். அடிவயிற்று ஸ்கானுக்குச் சலப்பை நிறைந்திருக்க வேண்டும், ஆகவே தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோய் அங்கே வைத்துக் குடியுங்கள். இறுப்பிட்டியிலேயே குடித்துவிட்டு ஏறினால் வேலணை தாண்டுமுன் தவித்துப்போவீர்கள். மருந்து ஏற்றி எடுக்கும் சிரி என்றால் சிறுநீரகம் பார்க்கும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கட்டும். சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குடிப்பவர்கள், முட்டு உள்ளவர்கள், முன்பு ஏதாவது மருந்து ஒவ்வாமல் போனவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரேக்கும் சிரிக்கும் முன்னரே சொல்ல வேண்டும்.

எம்.ஆர்.ஐ.க்கு ஒன்று. நம் பக்கத்து ஆட்கள் பலருக்கு உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறது. முப்பது வருடமாக ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். உள்ளே கிடக்கும் இரும்பு அசையலாம், சூடாகலாம். தழும்பைக் காட்டிச் சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அப்படியே.

எக்ஸ்ரேயையும் சிரியையும் எடுப்பவர் கதிரியல் தொழில்நுட்பவியலாளர். படத்தை வாசித்து அறிக்கை எழுதுபவர்தான் நிபுணர். பெரும்பாலான நோயாளிகள் அவருடைய முகத்தைப் பார்ப்பதே இல்லை. வயிற்று ஸ்கானில் பெரும்பாலும் அவரே கருவியைப் பிடித்திருப்பார். அவரிடம் பழைய படங்களைக் கொடுங்கள். போன வருடக் கட்டி வளர்ந்ததா என்பதை இந்த வருடப் படம் மட்டும் சொல்லாது.

அவசரப்பட்டுத் தனியாருக்கு ஓடுமுன் ஒரு விஷயம். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் படம் வாசிக்கும் நிபுணர்கள் பலர் பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பார்க்கிறார்கள். காசுக்குக் கிடைப்பது அநேகமாகச் சீக்கிரமான திகதி. அது தேவைப்படும் நேரமும் உண்டு, மறுக்கவில்லை. அப்போதுதான் காப்புறுதிக் கேள்வி வரும். அரச உத்தியோகத்தருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கென 2017இல் சுரக்ஷா காப்புறுதி தொடங்கியது. வீட்டில் ஆசிரியரோ கந்தோர்க்காரரோ இருந்தால், அந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு கிடைக்கும், யார் யாருக்குச் செல்லும் என்று ஸ்கான் எடுக்கும் முன்னர் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். டொக்டரின் கடிதம், மூலப் பற்றுச்சீட்டு, அறிக்கை மூன்றையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தைக் கொடுங்கள்.

நெஞ்சுநோ, வாய் கோணுதல், விழுந்து தலையில் அடி என்றால் இந்த வரிசை எதுவும் வேண்டாம். 1990க்கு அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் 2018 முதல் யாழ்ப்பாணத்தில் ஓடுகிறது. ஸ்கான் தேவையா என்பதை அவசரப் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

அறிக்கை வந்ததும் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள், படத்தை மடிக்காதீர்கள், சந்தைப் பைக்குள் மீனோடு போடாதீர்கள். ஒரு படம் பிடித்து வெளிநாட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்; அடுத்த கிளினிக் திகதியையும் சேர்த்து அனுப்பினால் அன்றிரவு அந்தக் கேள்வியோடு தொலைபேசி வராது.