எல்லைப்புறத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுதும் தம்பிக்கு



தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களின் பேச்சைப் பற்றி நீ ஆங்கிலத்தில் எழுதிவரும் நூலின் முதல் மூன்று அத்தியாயங்களையும் நிதானமாகப் படித்தேன். விஷய சேகரத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பாஷைகளையோ இரண்டு ஊர்களையோ அருகருகே நிறுத்திப் பேசவேண்டிய சந்தர்ப்பம் வரும்போதெல்லாம் உன் கை 'டிஃபரன்ட்' என்ற ஒரே சொல்லை நாடிப் போகிறது. அது சலித்துவிட்டால், பத்திரிகைகள் தேய்த்துத் தேய்த்து மழுங்கடித்த 'ஸ்டார்க் கான்ட்ராஸ்ட்' என்ற தொடரை எடுத்துக்கொள்கிறது. வேற்றுமையைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்பஞ்சம் கிடையாது. ஆயினும் அச்சொற்களில் ஒவ்வொன்றும் தன்னுள் ஓர் அபிப்பிராயத்தை ஒளித்துக்கொண்டு வருவதால், ஒன்றின் ஸ்தானத்தில் மற்றொன்றை வைக்கத் துணிகிறவன் தான் கருதாத தீர்ப்பொன்றைத் தன் பெயரால் வழங்கிவிடக்கூடும்.

'டிஃபரன்ட்' என்பது வேறு என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். எதில் வேறு, எவ்வளவு வேறு என்று கேட்டால் மௌனம் சாதிக்கும். 'டிஸ்டிங்க்ட்' என்றால் குழப்பமின்றிப் பிரித்தறியத்தக்கது என்று பொருள். உங்கள் ஊர்ச் சந்தையில் நிற்பவன் அத்தகைய தெளிவைக் காண்பானா என்பதை நீயே யோசித்துக்கொள். 'டிஸ்பேரிட்டி' சமமாக இருக்கவேண்டியவை சமமாக இல்லை என்ற குறைபாட்டைத் தொனிக்கச் செய்வது. இரு மாநிலத்துக் கூலியைப் பற்றிப் பேசுகையில் அது பொருந்தும், உச்சரிப்பைப் பற்றிப் பேசுகையில் பொருந்தாது. எல்லாவற்றிலும் அபாயமானது 'டீவியேஷன்'. நேர்வழி ஒன்று உண்டென்றும் மற்றது அதிலிருந்து விலகியதென்றும் அது வாசகன் வாய் திறக்குமுன்பே தீர்மானித்துவிடுகிறது. உன் இரண்டாம் அத்தியாயத்தில் 'வந்நு' என்ற வினையை 'வந்தான்' என்பதன் டீவியேஷன் என்கிறாய். மதுரைப் பேச்சுதான் நேர்வழி என்று உனக்கு யார் சொன்னார்கள்?

இதே வேற்றுமையை ஒரு பெரியவர் எப்படிக் கையாண்டார் என்று பார். ஏ. ஆர். ராஜராஜவர்மா 1896-ல் வெளியிட்டு 1917-ல் திருத்தி விரித்த கேரளபாணினீயம் என்ற மலையாள இலக்கண நூலில், தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த வகையை ஆறு நியமங்களாக வகுத்துத் தந்தார். மூக்கொலி அடுத்து வரும் வல்லொலியை விழுங்குவதால் மாங்காய் 'மாங்ஙா' என்றும், வந்து என்பது 'வந்நு' என்றும் ஆவதற்கு அநுநாசிகாதிப்ரசரம் என்று பெயரிட்டார். நான் வந்தேன், அவன் வந்தான் என்று வினை முடிவில் நாம் காட்டும் பேதத்தை மலையாளம் கைவிட்டு, 'ஞான் வந்நு, அவன் வந்நு' என்று இருவருக்கும் ஒரே வடிவை வழங்குவதற்குப் புருஷபேதநிராசம் என்று பெயரிட்டார். தமிழை மூலமாக வைத்து அளந்த அவருடைய நிலைப்பாட்டைப் பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் ஒப்புவதில்லை. இரண்டும் ஒரே பழம்பாஷையிலிருந்து வந்தவை என்பது அவர்கள் கட்சி. அந்த வாதம் எப்படியாயினும், 'மிகவும் வேறுபட்டது' என்று எழுதி ஓய்வெடுத்துக்கொள்ளாமல் 'இந்த ஆறில் வேறுபட்டது' என்று எண்ணிக் காட்டினாரே, அந்த முறையைத்தான் நீ கற்கவேண்டும். அந்த ஆறில் எவை தனுவச்சபுரத்தில் கேட்கின்றன, எவை எல்லையைத் தாண்டி முஞ்சிறையிலும் கேட்கின்றன என்று கிராமம் கிராமமாகச் சோதித்து எழுதினாயானால், 'டிஃபரன்ட்' என்ற சொல் உனக்குத் தேவையே படாது.

எல்லை விஷயத்திலும் இப்படித்தான். இடையன்குடியில் வாழ்ந்து, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், மேற்குக் கரையில் தமிழ் வழங்கும் பிரதேசத்தைக் குமரிமுனை முதல் திருவனந்தபுரத்தின் சமீபம் வரை என்றே குறித்தார். சமீபம் என்ற நெகிழ்ச்சியை அவருடைய அலட்சியம் என்று நான் எண்ணவில்லை. கோடு கிழிக்க இடமில்லாத பிரதேசத்தில் கோடு கிழிக்காமல் விட்டது அறிஞனின் நிதானம். சரியாக நூறு வருஷம் கழித்து, 1956 நவம்பர் 1-ஆம் தேதி, ராஜாங்கத்துக்குக் கோடு வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் விளவங்கோடு சென்னை ராஜ்யத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தாலுகாவை அலகாகக் கொண்டு தமிழ் பேசுவோர் 'அதிகம்', 'குறைவு' என்று ஒப்பிட்டால், தாலுகாவின் ஓரத்துக் கிராமம் தன் அண்டைக் கிராமத்தோடு எவ்வளவு ஒத்திருந்தாலும் கணக்கில் வராது. அந்தக் கோட்டையே நீ மூன்றாம் அத்தியாயத்தில் இரு பத்தி அட்டவணையாக்கி, இடப்பக்கம் தமிழர், வலப்பக்கம் மலையாளி என்று எழுதிவிட்டாய். அருவிப்புரத்தில் 1888-ல் சிவப் பிரதிஷ்டை செய்து, மலையாளத்திலும் சம்ஸ்கிருதத்திலும் தமிழிலும் பாடிய நாராயண குருவை எந்தப் பத்தியில் போடப் போகிறாய்?

மரச்சீனியையே எடுத்துக்கொள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஜனங்களிடையே பரப்பிய அந்தக் கிழங்குக்குப் பாறசாலையிலும் மரச்சீனி என்றே பெயர், களியக்காவிளையைத் தாண்டி மார்த்தாண்டத்திலும் அதே பெயர். வடக்கே கோட்டயம் போனால் அது கப்பை, கிழக்கே சேலம் போனால் மரவள்ளி. ஒரே மலையாளம் பேசும் பாறசாலைக்கும் கோட்டயத்துக்கும் இந்தச் சொல்லில் பிரிவு. எல்லைச் சோதனைச் சாவடி நின்ற இடத்திலோ பிரிவில்லை. நீயோ சாவடியைத் தாண்டியதும் சொற்களெல்லாம் மாறிவிடுகின்றன என்று எழுதியிருக்கிறாய். மாறுவது பெயர்ப்பலகையும் பள்ளிக்கூடத்துப் பாடபாஷையும் பஸ்ஸின் நிறமும்தான். அவற்றை அப்படியே சொன்னால் போதும்.

இனிச் சில சில்லறை விஷயங்கள். 'கம்பேர் டு' என்றால் ஒன்றை மற்றொன்றுக்கு உவமையாக்குவது. 'கம்பேர் வித்' என்றால் ஒத்ததையும் ஒவ்வாததையும் தராசில் இடுவது. ஆங்கிலேயரே இன்று இந்த வரம்பைப் பேணுவதில்லை என்றாலும், உன் காரியம் பின்னதாகையால் அதையே பின்பற்று. 'ஆன் தி கான்ட்ரரி' என்பது சொல்லப்பட்ட கூற்றொன்றை மறுக்கும்போது மாத்திரமே வரவேண்டும். இஞ்சிவிளையில் மலையாளப் பலகை, களியக்காவிளையில் தமிழ்ப் பலகை என்பதில் மறுப்பு எங்கே இருக்கிறது? அங்கே 'பை கான்ட்ராஸ்ட்' போதும். நம் பக்கத்துப் பள்ளிகளில் இரண்டையும் ஒன்றென்றே மனப்பாடம் பண்ணிவைக்கிறார்கள், உன்னை மட்டும் குறை சொல்லி என்ன பயன்! 'வேராஸ்' உன் பக்கங்களில் மலிந்து கிடப்பதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். தமிழில் 'இவனோ', 'அங்கேயோ' என்று ஓர் ஓகாரத்தால் எதிர்நிறுத்தும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. அதற்கு ஈடு தேடித்தான் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லைப் பிடிக்கிறாய். ஆங்கிலத்தில் இரண்டு சிறு வாக்கியங்களை எழுதி, நடுவே அரைப்புள்ளி வைத்துவிட்டால், எதிர்நிலையை வாசகன் தானே கண்டுகொள்வான்.

மூன்றாம் அத்தியாயத்து அட்டவணையை எடுத்துவிட்டு, சொல்வாரியாகவும் ஊர்வாரியாகவும் மீண்டும் எழுதி ஓணம் விடுமுறைக்குள் அனுப்பினால் படித்துத் தருகிறேன். கேரளபாணினீயத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது; அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொண்டு போ. பீடிகையை முதலில் படி, மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய ஆங்கில வாத்தியார்