ஆசனவாய் அமையாது பிறக்கும் குழந்தைகள்

குழந்தை பிறந்தவுடன் அதன் அழுகை, நிறம், எடை ஆகியன குறித்துக்கொள்ளப்படுகின்றன. ஆனால் ஆசனவாய் உரிய இடத்தில் திறந்துள்ளதா என்று பார்ப்பது சில வேளைகளில் விடுபட்டுவிடுகிறது. இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நல்ல வெளிச்சமும் அரை நிமிட நேரமும் போதும்.

ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை காணப்படுகிறது. கருவின் தொடக்க வாரங்களில் குடலின் கடைப்பகுதியும் சிறுநீர்ப் பாதையும் ஒரே அறையாக உள்ளன. அவை முறையாகப் பிரியாதபோது இக்குறை தோன்றுகிறது. கிரகணமோ தாயின் பிழையோ இதற்குக் காரணமன்று.

குழந்தை மலம் கழித்துவிட்டது என்ற செய்தி மட்டும் போதுமானதன்று. ஆண் குழந்தைகளில் மலக்குடல் சிறுநீர்த் தாரையில் திறந்து, சிறுநீருடன் மலம் கலந்து வரலாம். பெண் குழந்தைகளில் பிறப்புறுப்பின் வாயிலருகே வெளிப்படலாம். ஆதலின், மலம் எவ்வழியாக வருகிறது என்பதையே நோக்க வேண்டும். வழியே இல்லாத குழந்தைக்கு வயிறு உப்பும். பச்சை நிற வாந்தி வரும். காலம் தாழ்ந்தால் குடல் கிழியவும் கூடும்.

குறை கண்டவுடன் பாலூட்டலை நிறுத்தி, நரம்பு வழியே திரவம் செலுத்தி, இரைப்பைக்குக் குழாய் இட்டு, உடற்சூடு குறையாமல் காத்து, குழந்தை அறுவைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அங்கு இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு, உணவுக்குழாய் ஆகியனவும் ஆராயப்படும். இவற்றிலும் குறைகள் உடனிருத்தல் உண்டு.

தாழ்நிலைக் குறையைப் பெரும்பாலும் ஒரே அறுவையில் சீர்செய்யலாம். ஏனையவற்றுக்குச் சிகிச்சை மூன்று கட்டங்களாக அமையும். முதலில் வயிற்றில் மலம் வெளியேறத் தற்காலிகத் திறப்பு. சில மாதங்களில் புதிய ஆசனவாய் அமைத்தல். பின்னர் வயிற்றுத் திறப்பை மூடுதல். பின்புறமாக நடுக்கோட்டில் தசைகளைப் பிரித்துச் செய்யும் முறையை ஆல்பெர்டோ பெனாவும் டிவ்ரீஸும் 1982-இல் வெளியிட்டனர். இன்றும் அதுவே பெரிதும் கையாளப்படுகிறது.

அறுவையுடன் பணி முடிவதில்லை. புதிய ஆசனவாய் சுருங்காதிருக்க, மருத்துவர் கற்பித்தவாறு தாய் அதனை நாள்தோறும் விரிவாக்கி வர வேண்டும். மலச்சிக்கலும் மலக்கசிவும் தொடரலாம்; முறையான உணவும் எனிமாவும் குழந்தை தூய்மையாகப் பள்ளி செல்ல உதவும். இக்கண்காணிப்புக் கைவிடப்படின் சிறந்த அறுவையும் பயன் தராது.

2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், நோயுற்ற பச்சிளங் குழந்தைக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சைக்கும் போக்குவரத்துக்கும் வழிசெய்கிறது. அவ்வுதவி உரிய காலத்தில் கிட்ட, பிரசவ அறையில் அந்த அரை நிமிடச் சோதனை தவறாது நடைபெற வேண்டும்.